ஒன்றா, ‘எல்’லா? நிரல் எழுத ஓர் எழுத்துருவைத் தேடி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் வீட்டில் என்னைத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்துவிட்டார்கள். இங்கிலீஷ் லோயர் கையில் இருந்தால் எங்காவது ஒரு வேலைக்கு உதவும் என்பது அந்தக் காலத்து வீட்டுக் கணக்கு. எனக்கு ஒதுக்கிய பழைய ரெமிங்டனில் எண் வரிசை 2-இல்தான் தொடங்கும். 1-க்கு விசையே கிடையாது. கேட்டபோது, “சின்ன எல் அடிப்பா, அதான் ஒண்ணு” என்றார் மாஸ்டர். அடித்துப் பார்த்தேன். தாளில் அது ஒன்றாகவே தெரிந்தது.

அந்த எல் பல வருடம் கழித்து வந்து என்னிடம் ஒரு முழு மதியத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. வலைத் தொடர்பே இல்லாத ஒரு கணினியில் நீளமான ஒரு சாவியை, அதாவது கடவுச்சொல் மாதிரியான ஓர் எழுத்துத் தொடரை, உள்ளிட வேண்டியிருந்தது. காப்பி, பேஸ்டுக்கு வழியில்லை. என் திரையைப் பார்த்து அங்கே கையால் அடித்தேன். ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன், எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், கணினியின் நேரம் தப்போ, சாவி காலாவதியோ என்று சம்பந்தமில்லாத இடமெல்லாம் தேடினேன். சாயங்காலம் பக்கத்து இருக்கைப் பெண் அதே கோப்பைத் தன் எடிட்டரில் (நிரல் எழுதும் மென்பொருளில்) திறந்துவிட்டு, “அண்ணா, நாலாவது எழுத்து ஒண்ணு இல்ல, எல்” என்றாள். என் எடிட்டரில் இருந்த எழுத்துரு கூரியர் நியூ. அவளுடையதில் கன்சோலாஸ்.

அதற்குப் பிறகு நான் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்க்காத வருடமில்லை. சிலவற்றோடு ஒரு வாரம், சிலவற்றோடு இரண்டு வருடம். எழுத்துருக்களை ஒப்பிடும் பக்கங்களில் எப்போதும் கண்ணாடி போன்ற பெரிய திரையில் எடுத்த படம்தான் இருக்கும். உங்கள் மேசையிலும் என் மேசையிலும் இருப்பது அந்தத் திரை அல்ல. அதனால் அழகைக் கடைசியில் வைத்து, குழப்பம், இடம், கண் என்ற வரிசையில் பார்க்கிறேன்.

கூரியர் நியூவை முதலிலேயே கழித்துவிடலாம். மூலக் கூரியர் 1950-களில் ஐபிஎம்மில் ஹோவர்ட் கெட்லர் தட்டச்சுப் பொறிக்காக வரைந்தது. பொறியில் அச்சு மை நாடாவைத் தாக்கும்போது மை கொஞ்சம் பரவும்; மெல்லிய கோடு தாளில் தடிக்கும். கணினிக்கு வந்தபோது வடிவம் வந்தது, அந்த மை வரவில்லை. அதனால்தான் கூரியர் நியூ திரையில் தையல் நூல் மாதிரி நிற்கிறது. தட்டச்சுக் காலத்து எல்-ஒன்று உறவும் அதில் அப்படியே இருக்கிறது: இரண்டுக்கும் தலையில் ஒரு கொடி, காலில் ஒரு பலகை. சுழியத்துக்கு உள்ளே கோடோ புள்ளியோ இல்லை.

நிரல் எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் ஏன்?

பழக்கம் என்பது பாதிப் பதில். அந்தக் காலத்தில் தகவலைத் துளைகளாகப் பதித்த ஐபிஎம்மின் துளை அட்டையில் 1928 முதல் 80 நெடுவரிசைகள். 1978-இல் வந்த விடி100 முனையத்திலும் 80. பைத்தான் என்ற நிரல் மொழியின் எழுத்து நடைக் கையேடு இன்றும் ஒரு வரிக்கு 79 என்கிறது. அட்டை போய் அரை நூற்றாண்டு ஆகியும் அதன் அகலம் நம் கோப்புகளில் இருக்கிறது.

மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். சாதாரண எழுத்துருவில் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் ஒரு மூலைதான் கிடைக்கும். சம அகல எழுத்துருவில் ‘எம்’ என்ற எழுத்துக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் ஒரு புள்ளிக்கும் உண்டு. கதை படிக்கும்போது புள்ளியைக் கண் தாண்டிப் போகலாம். நிரலில் தாண்டினால் நிரல் ஓடாது. விலை என்னவென்றால், ‘எம்’, ‘டபிள்யூ’ போன்றவை நெரிசல் பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒடுங்கும்; ‘ஐ’, ‘எல்’ போன்றவை காலி பெஞ்சில் காலை நீட்டிக்கொள்ளும். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு வடிவமைப்பாளரின் கை தெரியும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2023-இல் வெளியிட்ட மோனாஸ்பேஸ், பக்கத்தில் ஒல்லியான எழுத்து இருந்தால் அதன் இடத்தில் கொஞ்சத்தை ‘எம்’முக்குக் கடனாகக் கொடுக்கிறது. கட்டம் மாறுவதில்லை, கட்டத்துக்குள் எழுத்து மட்டும் சற்று விரிகிறது. கெட்டிக்காரத்தனம்தான். எனக்கு அடிக்க அடிக்க எழுத்து அசைவது போல ஒரு பிரமை. இரண்டு நாளில் எடுத்துவிட்டேன்.

குழப்பம்

எழுத்துகள் ஒன்றுபோல இருந்து ஏய்ப்பது நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒன்றாகவே இருக்கும். எகரம், ஏகாரத்துக்கு வேறுபாடு காட்ட வீரமாமுனிவர் வர வேண்டியிருந்தது. தமிழ் எண்களில் ௭ என்பதையும் எ என்பதையும், ௨ என்பதையும் உ என்பதையும் தனித்தனியே காட்டினால் எது எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. சுவடி படிப்பவர் சூழலை வைத்து ஊகிப்பார். கடவுச்சொல்லிலும் சாவியிலும் அந்தச் சூழல் கிடையாது.

நான் ஒரு சோதனை வரி வைத்திருக்கிறேன். சின்ன எல், பெரிய ஐ, எண் 1, செங்குத்துக் கோடு, பெரிய ஓ, சுழியம், பெரிய டி, 8, பெரிய பி, 5, எஸ், 2, இசட், பிறகு காற்புள்ளி, புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கடைசியாக மூன்று வகை அடைப்புக்குறிகளும் ஒற்றை மேற்கோளும் அதன் எதிர்க்குறியும். எந்த எழுத்துருவையும் நிறுவியவுடன், வழக்கமாக நான் வைக்கும் அளவைவிட ஒரு படி சின்னதாக வைத்து இந்த வரியைப் படிப்பேன். சின்ன அளவில் தேறுவது பெரிய அளவில் தானாகத் தேறும்.

எல்லுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு வால், ஒன்றுக்குக் கீழே முழுப் பலகை: இன்றைய நல்ல எழுத்துருக்கள் இந்த மாதிரி ஏதோ ஒரு வழியில் இரண்டையும் பிரித்துவிட்டன. சுழியத்தில்தான் கட்சி பிரிகிறது. கன்சோலாஸ், மென்லோ போன்றவை குறுக்குக் கோடு போடுகின்றன. சோர்ஸ் கோட் ப்ரோ, பிளெக்ஸ் மோனோ, உபுண்டு மோனோ புள்ளி வைக்கின்றன. ஜெட்பிரெயின்ஸ் மோனோ உள்ளே செங்குத்தாக ஒரு சின்னக் குச்சியை நிறுத்துகிறது. பழைய திரையில், சின்ன அளவில், குறுக்குக் கோடு போட்ட சுழியம் எட்டாக மங்கும். இதை எந்த விளம்பரப் படத்திலும் பார்க்க மாட்டீர்கள். என் கட்சி புள்ளிக் கட்சி. மங்கினாலும் அது கெட்ட சுழியமாகத்தான் தெரியும், நல்ல எட்டாகத் தெரியாது.

இடம்

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பெரும்பாலான நிரல் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் அகலம், எழுத்தளவில் 0.6 பங்கு. சோர்ஸ் கோட் ப்ரோ, ஃபிரா கோட், பிளெக்ஸ் மோனோ, ஜெட்பிரெயின்ஸ் மோனோ நான்குமே அப்படி. கன்சோலாஸ் 0.55. உபுண்டு மோனோ, இன்கன்சோலாட்டா, அயோசெவ்கா மூன்றும் 0.5.

நம் ஊரில் இன்னும் புழங்கும் 1366 பிக்சல் அகல மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். எழுத்தளவு 14 பிக்சல். 0.6 பங்கு என்றால் ஒரு எழுத்துக்கு 8.4 பிக்சல், திரை முழுக்க 162 எழுத்து. 0.55-க்கு 177. 0.5-க்கு 195. இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, 79 எழுத்தோடு வரி எண்ணுக்கு ஒரு ஐந்தைச் சேர்த்தால், 168 வேண்டும். ஆக 0.6 பங்கு எழுத்துருவில் வலப்பக்கக் கோப்பின் வால் வெட்டுப்படும், கன்சோலாஸில் அடங்கும், அயோசெவ்காவில் தாராளம். 1920 பிக்சல் திரையில் 0.6-க்கே 228 எழுத்து கிடைப்பதால் இந்தக் கவலை இல்லை. ஒரு மானிட்டர் வாங்கிப் போட்டவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஆனால் அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 14 என்று போட்டால் எல்லா எழுத்துருவும் ஒரே உயரத்தில் வராது. சின்ன எழுத்தின் உடல், அதாவது கொம்பும் வாலும் இல்லாத ‘எக்ஸ்’ போன்ற எழுத்தின் உயரம், ஒவ்வொன்றிலும் வேறு. ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் அது 0.55 பங்கு. கன்சோலாஸில் அதைவிடக் குறைவு. அதனால் கன்சோலாஸ் 14-உம் ஜெட்பிரெயின்ஸ் 13-உம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கன்சோலாஸ் இடத்தை மிச்சப்படுத்துகிறது என்று சொல்லி, பிறகு தெரியவில்லையென்று அளவைக் கூட்டினால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

யார் யார்

கன்சோலாஸைப் பற்றி இன்று யாரும் உற்சாகமாகப் பேசுவதில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்தில் கிளியர்டைப் என்ற திரைத் தொழில்நுட்பத்துக்கென மைக்ரோசாஃப்ட் செய்வித்த எழுத்துருக் கூட்டத்தில் ஒன்று. வரைந்தவர் லூகாஸ் டி குரூட்; வேர்ட் கோப்புகளில் பல வருடம் நாம் பார்த்து அலுத்த கலிப்ரியும் அவருடையதுதான். அச்சு நூலின் எழுத்துக்கு நெருக்கமான உடலமைப்பை ஒரே அகலக் கட்டத்துக்குள் கொண்டுவந்தார் என்பது இதன் பெருமை. விண்டோஸில், சாதாரண ஆபீஸ் மானிட்டரில், 13 முதல் 16 வரையான அளவில், கன்சோலாஸை நிச்சயமாக மிஞ்சிய ஒன்றை நான் பார்க்கவில்லை. வேறு எதையும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகத்தில் இருப்பவர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோட் விண்டோஸில் இதைத்தான் தானாக எடுத்துக்கொள்கிறது.

குறைகள் உண்டு. கிளியர்டைப் இல்லாத இடத்தில் அதன் முகம் வாடிவிடும். விண்டோஸோடு வருவது; உரிமம் மைக்ரோசாஃப்டுடையது; உங்கள் லினக்ஸ் கணினிக்கு அந்தக் கோப்பைத் தூக்கிப்போவது முறையல்ல. கன்சோலாஸால் ஈர்க்கப்பட்ட ராஃப் லெவியன் 2006-இல் இன்கன்சோலாட்டாவைத் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி, கொடுத்தார்; பெயரிலேயே சொந்தம் தெரிகிறது. அச்சில் அழகு. என் பழைய மானிட்டரில் எடுபடவில்லை.

அடுத்தது ஒரு குடும்பம். பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்காக ஜிம் லைல்ஸ் வரைந்த வேரா சான்ஸ் மோனோ 2003-இல் திறந்த உரிமத்தில் வந்தது. அதிலிருந்து கிளைத்தது டேஜாவூ சான்ஸ் மோனோ. ஆப்பிள் 2009-இல் தன் மேக்கில் வைத்த மென்லோவும் அந்த வழிதான். 2015-இல் வந்த ஹேக்கும் அதே ரத்தம். அகலமான, எலும்பு தடித்த, கொஞ்சம் மந்தமான முகம். லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினிக்கு நான் முதலில் சொல்வது டேஜாவூதான். ஒவ்வொரு பிக்சலிலும் கோடு எங்கே உட்கார வேண்டும் என்ற குறிப்புகள் அதற்குள்ளேயே கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. குறைந்த தெளிவுள்ள திரையில் மற்றவை பஞ்சாகப் பிசிறும்போது இது நேராக நிற்கும். சாய்வெழுத்து மட்டும் வெறுமனே தள்ளிவிட்டது போல இருக்கும். மேக்கில் வெளி மானிட்டர் மாட்டி வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பருமன் உதவும். 2018-இன் மொஜாவி பதிப்பிலிருந்து மேக், பிக்சலின் உள்வண்ணங்களைக் கொண்டு எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் துணைப்பிக்சல் முறையை வழக்கத்தில் கைவிட்டுவிட்டதால், மெல்லிய எழுத்துருக்கள் சாதாரண மானிட்டரில் இன்னும் மெலிந்து தெரிகின்றன.

ஜெட்பிரெயின்ஸ் மோனோ 2020 ஜனவரியில் வந்தது. முதல் பார்வையில் பிடிக்கவில்லை. வளைவுகளெல்லாம் பெட்டி பெட்டியாக, ‘ஓ’ என்ற எழுத்து தீப்பெட்டியின் மூலையைத் தேய்த்தது போல இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பழைய எழுத்துருவுக்குத் திரும்பினேன்; எல்லாம் குட்டியாகத் தெரிந்தது. அதன் சூட்சுமம் எளிது: அகலத்தைக் கூட்டாமல் சின்ன எழுத்தின் உயரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நிரலில் பெரும்பாலும் சின்ன எழுத்துதானே! விலை, வரிகள் நெருக்கமாகத் தெரியும். வரி இடைவெளியை 1.5 பங்குக்குக் கொண்டுபோகாமல் இதை எடைபோடாதீர்கள். தடிமனில் எட்டுப் படிகள் இருக்கின்றன. இது ஆடம்பரம் போலத் தோன்றும், இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எப்போதும் ஒரு சுற்றுப் பூசினாற்போலத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் அதே எழுத்து இளைக்கும். பகலில் வெள்ளை, இரவில் கறுப்பு என்று மாற்றுகிறவருக்குத் தடிமனையும் ஒரு படி மாற்ற முடிவது பெரிய வசதி. கன்சோலாஸில் சாதாரணம், தடித்தது என்ற இரண்டே தடிமன்தான்.

சோர்ஸ் கோட் ப்ரோ (அடோபியின் பால் ஹன்ட், 2012) காற்றோட்டமான வீடு. நல்ல தெளிவுள்ள திரையில் நாள் முழுக்கப் படிக்க இதம். மங்கலான திரையில் வேண்டாம். பிளெக்ஸ் மோனோ (ஐபிஎம், 2017) தட்டச்சுப் பொறியின் பேரப்பிள்ளை. அதன் சாய்வெழுத்து உண்மையான கையெழுத்துச் சாய்வு என்பதால் நிரலுக்குள் மனிதர்கள் படிக்க எழுதும் குறிப்புரைகளைச் சாய்வில் காட்டுகிறவர்களுக்கு அது விருந்து. கஸ்கேடியா (மைக்ரோசாஃப்டுக்காக ஆரன் பெல், 2019) கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான விண்டோஸ் டெர்மினலைத் திறந்தால் முன்னாலேயே நிற்பது. உருண்டை முகம், குறை சொல்ல ஒன்றுமில்லை, காதலிக்கவும் ஒன்றுமில்லை.

அயோசெவ்கா தனி ஜாதி. 2015-இலிருந்து வளர்ந்துவரும் இந்த எழுத்துரு கையால் வரைந்ததைவிட நிரலாக எழுதப்பட்டது. எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்று நீங்களே பொறுக்கி உங்களுக்கென ஒன்றைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். 0.5 பங்கு அகலம் என்பதால் குறுகி நெடுத்து, ஓமக்குச்சி மாதிரி நிற்கும். இரண்டு மூன்று கோப்புகளை ஒரே திரையில் அடுக்கி வைத்துப் பார்க்கிறவருக்கு இதுதான் விடை. ஆபத்து வேறு: சுழியத்துக்குக் கோடா புள்ளியா, ‘ஜி’க்கு ஒரு வயிறா இரண்டா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எனக்கு இரண்டு ஞாயிறு போயிற்று.

கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இப்போது வெள்ளெழுத்து. நாற்பது தாண்டியவர்களும் பார்வைக் குறைவு உள்ளவர்களும் 2023-இல் இன்டெல் வெளியிட்ட இன்டெல் ஒன் மோனோவைக் கட்டாயம் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பார்வைக் குறைவுள்ள நிரலர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டுச் செய்தது. அடைப்புக்குறிகள் கொஞ்சம் மிகையாகவே வளைந்திருக்கும், காற்புள்ளியும் புள்ளியும் தடித்திருக்கும். அழகுப் போட்டியில் கடைசி இடம். மாலை ஆறு மணிக்கு என் கண் எரியும் நேரத்தில் முதல் இடம். அமெரிக்காவின் பிரெயில் இன்ஸ்டிட்யூட் செய்வித்த அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிளுக்கும் இப்போது சம அகல வடிவம் வந்திருக்கிறது, அதுவும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் நிரல் எழுத்துருக்களும் உண்டு. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும்போது எனக்கு மனம் வரவில்லை.

கூட்டெழுத்துச் சண்டை

நிகிதா புரோகோபொவின் ஃபிரா கோட் இந்தச் சண்டையை எல்லோர் வீட்டுக்கும் கொண்டுவந்தது. மொசில்லாவுக்காக எரிக் ஷ்பீகர்மன் குழு செய்த ஃபிரா மோனோவை எடுத்து, != என்று அடித்தால் திரையில் குறுக்குக் கோடு போட்ட சமக்குறியாகவும், => என்று அடித்தால் ஒரே அம்பாகவும் காட்டும்படி கூட்டெழுத்துகளைச் சேர்த்தார். கோப்பில் இருப்பது பழைய இரண்டு குறிகள்தான். காட்சி மட்டும் மாறும். பிறகு ஜெட்பிரெயின்ஸ் மோனோவிலும் கஸ்கேடியா கோடிலும் இது வந்தது. வேண்டாதவர்களுக்காக இரண்டிலும் கூட்டெழுத்து இல்லாத வடிவம் தனியே உண்டு. விஎஸ் கோடில் நீங்களாக இயக்கினால்தான் இது வேலை செய்யும்.

நாம் கூட்டெழுத்தை விட்டு வந்தவர்கள். 1978-க்கு முந்திய புத்தகத்தில் துதிக்கை தூக்கிய ‘லை’யைப் பார்த்தால் என் அம்மாவுக்கு இன்றும் அதுதான் ‘லை’. என் மகளுக்கு அது ஏதோ படம். நிரல் கூட்டெழுத்தும் அப்படியே: பழகிய கண்ணுக்கு ஒரே வீச்சில் பொருள் வரும், பழகாதவர் என்ன விசையை அடிப்பது என்று தேடுவார். ஹாஸ்கெல் போல அம்பும் குறியுமாக எழுதும் மொழியில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை விடவே மாட்டேன் என்கிறார். அவர் கோப்பைப் பார்த்தால் நியாயம்தான். நான் அணைத்து வைத்திருக்கிறேன். காரணம் ருசி மட்டுமல்ல. ஜாவாஸ்கிரிப்டில் == என்பதற்கும் === என்பதற்கும் இருக்கும் வேறுபாட்டை மூன்று தனித்தனிக் குறிகளாகப் பார்க்கவே என் கண் பழகியிருக்கிறது. திரை ஒன்றைக் காட்ட கோப்பில் வேறொன்று இருக்கலாம் என்பதை வைத்தே நிரலுக்குள் நஞ்சை ஒளிக்க முடியும் என்று 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது வேறு விஷயம், கூட்டெழுத்தின் குற்றமல்ல. ஆனால் அதைப் படித்தபிறகு, கோப்பில் உள்ளதை உள்ளபடி காட்டும் திரைமேல் எனக்குப் பிடிவாதம் கூடிவிட்டது. புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் கட்டாயம் அணைத்துவிடுங்கள். மாணவர் விசைப்பலகையில் அந்த அம்பைத் தேடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வந்தால்

இதுவரை சொன்ன எந்த எழுத்துருவிலும் தமிழ் இல்லை. குறிப்புரையிலோ செய்திகளிலோ தமிழ் எழுதுகிறவர்களுக்கும், பைத்தான் 3 அனுமதிப்பதால் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்கும் இது அன்றாடத் தொல்லை. எடிட்டர் தமிழெழுத்தைக் கண்டவுடன் கணினியில் இருக்கும் வேறேதோ தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கும்; விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா. கடன் வாங்கிய எழுத்துக்கு உயரமும் வேறு, அகலமும் வேறு. கட்டம் அங்கேயே உடையும்.

உடைவதற்குக் காரணம் எழுத்துருச் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து; பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது, இகரக் குறியையும் புள்ளியையும் தனிக் குறியாக எண்ணுவதால். ‘கொ’ என்பது அதன் கணக்கில் இரண்டு, கண்ணுக்கு மூன்று துண்டு. இதில் எதை ஒரு கட்டம் என்று கொள்வது? அட்டவணையாக அச்சிட்டு வலது ஓரத்தை நேராக்க முயன்ற எல்லோரும் இங்கே முட்டிக்கொண்டிருப்பார்கள். தமிழ்த் தட்டச்சுப் பொறி இதை ஒருவிதமாகத் தீர்த்தது: புள்ளியை அடித்தால் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து அமரும். பல டெர்மினல்களுக்கு இன்னும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதை அங்கே பார்க்கலாம்.

ஆக, எந்த எழுத்துருவைத் தேர்ந்தாலும் எடிட்டர் அமைப்பில் அதன் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு ஒரு தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுங்கள். எனக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் ஒத்துவருகிறது. ஜெட்பிரெயின்ஸின் உயரத்தோடு அதிகம் சண்டை போடுவதில்லை. வரி இடைவெளி 1.5-க்குக் குறைந்தால் ‘கூ’, ‘ழூ’ போன்றவற்றின் கால் அடுத்த வரியில் இடிக்கும். கன்சோலாஸ் பக்கத்தில் அதே தமிழ் யானை மாதிரி தெரியும். தமிழ் நிறைய எழுதுகிறவர் கன்சோலாஸைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

என்ன செய்யலாம்

விண்டோஸ், சாதாரண மானிட்டர், ஆங்கிலம் மட்டும் என்றால் கன்சோலாஸிலேயே இருங்கள், நேரம் மிச்சம். லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினிக்கு டேஜாவூ. தெளிவான புதுத் திரை இருந்து, தமிழும் கலந்து எழுதினால் ஜெட்பிரெயின்ஸ், கூட்டெழுத்து இல்லாத வடிவம். திரை சின்னது, கோப்பு நிறைய என்றால் அயோசெவ்கா; ஆனால் முன்பே கட்டிவைத்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டறைக்குள் போகாதீர்கள். கண் எரிந்தால் முதலில் அளவை இரண்டு கூட்டிப் பாருங்கள், பிறகு இன்டெல் ஒன். கண் மருத்துவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றும் கணக்குப் பாருங்கள்.

எதையும் ஒரு மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டாம். முதல் இரண்டு நாள் எந்தப் புது எழுத்துருவும் அந்நியமாகத்தான் இருக்கும். மூன்றாம் நாளிலும் எழுத்துரு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அது உங்களுக்கு இல்லை. அலுவலகக் கணினியில் நிர்வாகி அனுமதி இல்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், உங்கள் கணக்குக்கு மட்டும் எழுத்துரு நிறுவ அந்த அனுமதி தேவையில்லை. அலுவலகமே அதைப் பூட்டியிருந்தால் வேறு கதை.

என் வீட்டுக் கணினியில் ஜெட்பிரெயின்ஸ் 14, நோட்டோ தமிழ், இடைவெளி 1.5. ஆபீஸில் கன்சோலாஸ் 15. ஆறு மணிக்கு மேல் இன்டெல் ஒன். அன்றைக்கு என் ‘எல்’லைக் கண்டுபிடித்த பெண் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். போன மாதம் பேசியபோது கன்சோலாஸை விட்டு அயோசெவ்காவுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். சுழியத்துக்குப் புள்ளியா கோடா என்று கேட்டேன். “இன்னும் முடிவு பண்ணல அண்ணா” என்றாள்.